அப்பா எதையும் திருப்பிச் சொல்லுவார்

அப்பா இறந்தபோது தெரு முனையில் கட்டிய பேனரில் "அமைதியே உருவானவர்" என்று அச்சடித்திருந்தார்கள். பேனர் கடைக்காரர் வயதானவர்கள் எல்லாருக்கும் அதையேதான் போடுவார். படம் மட்டும் மாறும். சாவுக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, மூக்கைச் சிந்துகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்து வீட்டு பாய் அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "இன்னா கண்ணு, வேற யாரு பேனரையாச்சும் மாத்தி கட்டிட்டாங்களா?"

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா போன அப்புறம் நாலு வருஷமா அப்பிடித்தானே இருந்தாரு" என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் எண்பது சொச்சம் வருஷம் வாழ்ந்த மனிதரைக் கடைசி நாலு வருஷத்தை வைத்து பேனர் அடிப்பது என்ன நியாயம்?

அப்பா எங்கள் தெருவிலேயே சத்தமான மனிதர். கோபக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கோபம் அவருக்கு வருவதே அபூர்வம். அவர் பங்கையும் சேர்த்து எனக்கு வரும். அவர் பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்தார். பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் வேலை. காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்களாம். பஞ்சை வைத்தால் உத்தரவு கேட்காது, உத்தரவு கேட்காவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பஞ்சை எடுத்தால் காது போகும். அப்பா ஓடுவதற்குச் சோம்பல்பட்டுக் காதைக் கொடுத்துவிட்டு, ஹவில்தாராக ஆம்பூர் வந்து சேர்ந்தார். தனக்குக் கேட்கவில்லை என்றால் ஊருக்கே கேட்காது என்ற நினைப்பில்தான் அதற்குப் பிறகு பேசினார்.

சர்வீஸில் இருந்தவரை வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். எனக்கும் அண்ணனுக்கும் பிறந்த நாள் ஒரே மாதத்தில் வருவதற்கு வேறு எந்த விசேஷக் காரணமும் கிடையாது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் இரண்டு தேதியையும் பார்த்துவிட்டு, "அப்பா மிலிட்டரியா?" என்றாராம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் வெட்கப்படுவாள்.

லீவில் வந்தவர் ஒரு நாள்கூடச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூரை ஓடு மாற்றுவார். அம்மாவின் புடவைகளுக்கு ஓரம் அடிப்பார். எனக்குத் தலை பின்னிவிடுவார். அவர் ரிப்பனில் போடும் முடிச்சை அவிழ்க்க அவரேதான் வர வேண்டும். சண்டையில் இருந்திருக்கிறார், மெடல்கூட இருந்தது. சண்டை பற்றிக் கேட்டால், "குளிரு ஜாஸ்தி, ரொட்டி கம்மி" என்பதோடு முடித்துக்கொள்வார். அதே மனிதர் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய நாட்களில் பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே குடையோடு காவல் நின்றார். வெயிலுக்குக்கூடப் பிரிக்காமல், நான் வெளியே வந்ததும் எனக்குப் பிடிப்பதற்காக வைத்திருந்த குடை. என் தோழிகள் எதிரில் எனக்கு மானம் போயிற்று. அவர் பாட்டுக்கு, "கணக்கு எப்பிடி? போச்சா?" என்று கேட்டதில் மிச்சமும் போயிற்று.

ரிட்டயர் ஆனதும் அம்மா வேலை செய்த ஷூ கம்பெனியிலேயே கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. லாரி ஹாரன் அடித்தால் அவருக்குக் கேட்காது. டிரைவர் இறங்கி வந்து தோளைத் தட்ட வேண்டும். முதலாளிக்கு இது தெரியும். தெரிந்தும் கடைசி வரை அவரை மாற்றவில்லை. தோல் கடத்துகிறவன் வாட்ச்மேனோடு காதும் காதும் வைத்தாற்போல ஒரு பேச்சுப் பேசித்தானே ஆக வேண்டும்? அப்பாவிடம் பேசினால் ஆபீஸ் மாடி வரைக்கும் கேட்கும்.

அவரிடம் கத்தாமல் பேசியது அம்மா ஒருத்திதான். அம்மா ஷூவின் மேல்பாகம் தைக்கிற ஹாலில் இருந்தாள். அங்கே நூற்றுக்கணக்கான மெஷின் ஒரே நேரத்தில் ஓடும். அந்த இரைச்சலில் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பேசினால் சாயங்காலத்துக்குள் குரல் போய்விடும் என்று, பெண்கள் சத்தமே எடுக்காமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவளுக்கு முந்தின நாள் மாமியார் சண்டை முழுசும் போய்ச் சேர்ந்துவிடும். சூப்பர்வைசர் கண்ணுக்கு அவர்கள் எதையோ மென்றுகொண்டிருப்பது போலத்தான் தெரியும். அம்மா வீட்டுக்கு வந்தும் அப்பாவிடம் அப்படியே பேசினாள். அவர் வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அந்த வித்தை எனக்கும் அண்ணனுக்கும் வரவில்லை. கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது, படிக்க வேண்டும் என்று அம்மா எங்களை அதட்டி வளர்த்தாள். நாங்களும் படித்தோம், அப்பாவிடம் கத்தினோம். நான் டீச்சராகப் போன பிறகு, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் என்று எனக்கு நல்ல பேர்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. பீரங்கிப் படையில் உத்தரவு வந்தால், வந்தபடியே திருப்பிச் சொன்ன பிறகுதான் வேலையில் கை வைக்கலாம். தப்பாகக் காதில் வாங்கி வேறு பக்கம் சுட்டுவிட்டால் பிறகு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? திருப்பிச் சொல்லவில்லை என்றால் உத்தரவு வந்து சேரவில்லை என்று அர்த்தம். இந்தப் பழக்கத்தை அவர் பட்டாளத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை. அம்மா சத்தமில்லாமல் சொல்வதை ஒன்று விடாமல் உரக்கத் திருப்பிச் சொல்லுவார். ஆக, எங்கள் வீட்டுப் பேச்சில் அம்மா சொன்ன பாதி யாருக்கும் கேட்காது. அப்பா சொன்ன பாதி தெருவுக்கே கேட்கும்.

புதிதாகக் குடிவந்தவர்கள், மிலிட்டரிக்காரன் பெண்டாட்டியைத் திட்டித் தீர்க்கிறான், அந்த அம்மா பூமாதேவி மாதிரி வாயே திறப்பதில்லை என்று முதல் வாரம் பரிதாபப்படுவார்கள். இரண்டாவது வாரம்தான் என்ன திட்டு என்று காது கொடுத்துக் கேட்பார்கள். "கால் வலிக்குதா? எண்ணெ தேச்சி உடட்டுமா? எந்தக் காலு? ரெண்டுமா?" தெருப் பெண்கள் இதைத் தங்கள் வீட்டுக்காரர்களிடம் உதாரணம் காட்டிக் காட்டி, ஆண்கள் மத்தியில் அப்பாவுக்கு நல்ல பேரே இல்லாமல் போயிற்று.

ரம்ஜானுக்கு பாய் வீட்டிலிருந்து பிரியாணி வரும். ஒரு வருஷம் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு உதட்டை அசைத்தாள். "உப்பு ஜாஸ்தியா?" என்றார் அப்பா. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த வருஷம் வந்த பிரியாணியில் உப்பே இல்லை. அம்மா அதை அப்பாவிடம் சொல்லவில்லை. எழுந்து போய் உப்புப் போட்டுச் சாப்பிட்டாள்.

சர்ச்சில் இன்னும் மோசம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்பா நடுவழி ஓரத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, பாஸ்டரைப் பார்க்காமல் பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா பிரசங்கத்தை அங்கிருந்தபடியே வாயசைத்து அனுப்புவாள். அவர் தன் அளவில் மெதுவாகத் திருப்பிச் சொல்லுவார். பின் வரிசையில் தூங்கி எழுந்தவர்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. புதிதாக வந்த பாஸ்டர் ஒருவர், பெரியவர் கிழ வயதில் பெண்களை வெறித்துப் பார்க்கிறார் என்று கமிட்டியில் வருத்தப்பட்டிருக்கிறார். கமிட்டிக்காரர்கள், "ஆமாங்க, ஒரே பொம்பளைய மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார்களாம்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் இந்தப் பழக்கம் எங்களை ஒரு இடத்தில் நன்றாக மாட்டிவைத்தது. அம்மாவுக்கு வயிற்றில் வலி என்று வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனோம். பரிசோதனைகள் முடிந்து டாக்டரைப் பார்க்கிற அன்று, நோயாளியோடு ஒருத்தர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். நான் போனேன். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். வைத்தியம் பார்க்கலாம், நாளைத் தள்ளலாம், குணமாகாது. அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கதவைத் திறக்கும் முன்பு என் கையைப் பிடித்தாள். "உங்க அப்பாகிட்ட நான்தான் சொல்லணும். நீ வாயத் தொறக்காத."

பஸ்ஸில் அப்பா கேட்டார். "டாக்டரு இன்னா சொன்னாரு?" பஸ்ஸே பதிலுக்குக் காத்திருந்தது. அம்மாவின் உதடு அசைந்தது. "கேஸ் டிரபிளா?" என்றார் அப்பா. உடனே முன் சீட்டிலிருந்து ஒருவர் திரும்பி, ஓமத்தண்ணீர் குடிக்கச் சொன்னார். பின்னால் இருந்த ஒரு அம்மா பெருங்காயம் என்றார். பள்ளிகொண்டா வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் கேஸுக்கு மருந்து சொல்லிவிட்டார்கள். அவர்கள் சத்தம் எதுவும் காதில் விழாமல், அப்பா அம்மாவின் உதட்டிலிருந்து ஓமம் என்ற ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார். "ஓமமா? சரி."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஓமத்தண்ணீர். தானே புடைத்து, தானே வறுத்து, தானே கொதிக்க வைத்து, ஆற்றி, டம்ளரில் ஊற்றி, குடித்து முடிக்கும் வரை எதிரில் நிற்பார். "ஏப்பம் வந்துச்சா?" என்று கேட்பார். அம்மா வந்தது என்பாள். "வந்துச்சா! கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சிடும்" என்று தெருவுக்கே சந்தோஷமாக அறிவிப்பார். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும், வேலை பார்க்கிற திருப்பத்தூரிலிருந்து வரும்போது அம்மாவைக் கேட்பேன், சொல்லிவிட்டாயா என்று. "சொல்றேன், சொல்றேன்" என்பாள்.

ஒரு சனிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கோயில் திருவிழாவுக்குப் போவது போல ஓமம் வாங்க உற்சாகமாகப் புறப்பட்டுப் போனதைப் பார்த்த பிறகுதான். "அவருக்குத் தெரிய வேணாமா? பக்கத்துல இருக்கற நாளுக்குத் தெரிஞ்சி இருக்க வேணாமா? நீ சொல்றியா, நான் கத்தட்டுமா?" என்றேன்.

"நீ கத்துனா தெருவுக்குத்தான் மொதல்ல தெரியும்."

"எழுதிக் குடுக்கறேன்."

"எழுதுனா படிக்கமாட்டாரு" என்றாள். எனக்கும் தெரியும். அப்பாவைப் பெற்ற தாத்தா இறந்ததும், பாட்டி இறந்ததும் அவருக்குத் தந்தியாகத்தான் பட்டாளத்துக்குப் போயின. அதிலிருந்து, வீட்டு மனிதர்கள் எதையாவது எழுதி நீட்டினால் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், சட்டையோடு துவைக்கப் போய்விடும். காது மெஷின் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தோம். குக்கர் விசில் மட்டும்தான் கேட்கிறது என்று அதைப் பெட்டியோடு பீரோவில் வைத்துவிட்டார்.

"அப்ப நீ சொல்லு. நீ பேசுனா சத்தமே வராதே."

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "நான் சொன்னா அவரு திருப்பிச் சொல்லுவாரு" என்றாள். "தெருவுக்குத் தெரியறத உடு. என்னைக்கோ தெரியத்தான் போவுது. அத அவரு வாயால, அவரு கொரல்ல என்னால கேக்க முடியாதுடி."

டாக்டர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டவள் அவள். "திருப்பிச் சொல்லாதீங்கன்னு மொதல்லயே சொல்லிடு" என்றேன். அதையும் ஒரு நாள் முயன்று பார்த்திருக்கிறாள். அவர், "திருப்பிச் சொல்லக் கூடாதா? ஏன்? இன்னா விஷயம்?" என்று கேட்டதில் பாய் அம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அம்மா, மாதா மாதம் வருகிற சீட்டுக்காரி பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள்.

ரயில் யோசனை அம்மாவுடையதுதான். இரைச்சலில் உட்கார்ந்தே முடி நரைத்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆம்பூரில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் வரும்போது பிளாட்பாரத்தில் இருந்தால், தான் சொல்வது அவருக்குப் போய்ச் சேரும், அவர் திருப்பிச் சொல்வது தனக்குக் கேட்காது. உதடு அசைவது தெரியுமே என்றேன். "நான் கீழ குனிஞ்சிக்கறேன்" என்றாள். அதையும் யோசித்து வைத்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அப்பா மூன்று பேருக்கும் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தார். இதில் எல்லாம் அவர் கறார். "யாரு வர்றாங்க?" என்று கேட்டார். அம்மா வாயசைத்தாள். "யாரும் வரலியா? சும்மாவா?" பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, சும்மா இருக்கலாம்" என்று துண்டால் பெஞ்சைத் தட்டி அவளை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார். நான் டீக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். டீ வாங்கினேன், குடிக்கவில்லை.

ரயில் வருகிறது, தள்ளி நில்லுங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். எக்ஸ்பிரஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அம்மா அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவள் உதடு அசைந்தது. நான் நீளமாக ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். நாலைந்து சொல்தான் இருக்கும். சொல்லிவிட்டு, சொன்னபடியே தலையைக் குனிந்துகொண்டாள். நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறக்கவில்லை. கடைசிப் பெட்டியும் போய், தண்டவாளத்து ஓரத்தில் ஒரு பேப்பர் கப் உருண்டு நின்றது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"கேக்கல" என்றார் அப்பா.

அம்மா பேசி அவர் அப்படிச் சொல்லி அதுவரை நான் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பி முழித்தாள். திருப்பிச் சொல்லாவிட்டால் உத்தரவு வந்து சேரவில்லை என்றுதானே அர்த்தம். அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து ஒரு சரக்கு ரயில் வந்தது. மெதுவாக, முடிவே இல்லாமல், தகரக் கடையை உருட்டிவிட்டது போன்ற சத்தத்தோடு. அம்மா மறுபடியும் அவர் முகத்தைத் திருப்பினாள். இந்தத் தடவை கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒன்றும் கற்றுக்கொள்ளாத எனக்கே, அவ்வளவு தூரத்திலிருந்து புரிந்தது. ரொம்ப நாள் இருக்க மாட்டேன் என்றாள்.

"கேக்கல!"

சரக்கு ரயிலையும் மீறிக் கேட்டது. அப்பாவின் குரலுக்கு எந்த ரயிலும் பத்தாது என்ற சின்ன விஷயத்தை நானும் அம்மாவும் யோசிக்கவே இல்லை. அவர் திருப்பிச் சொல்லியிருந்தால் ஒரு எழுத்து விடாமல் அவள் காதில் விழுந்திருக்கும். சமோசா விற்கிறவர் ஒருவர், பாவம் கிழவருக்குக் காது மந்தம் என்று நினைத்து, உதவி செய்வதற்காக ஓடி வந்து அவர் காதருகே குனிந்து கத்தினார். "பெரியவரே, அம்மா இன்னாமோ சொல்றாங்க, பாருங்க!"

"சொல்லட்டும்" என்றார் அப்பா. "எனக்குக் கேக்கல."

அம்மா மூன்றாவது தடவை அவர் தாடையைத் தொட்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிவிட்டால் உலகத்தில் யார் சொல்வதும் அவருக்குக் கேட்காது, அவளுக்கு அது தெரியும். அவர் மூடிய கண்ணோடு பெஞ்சில் தடவித் தடவி அவள் கையைத் தேடி எடுத்து, தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கேயே, டீக்கடைக்காரர் பார்க்கும்படி, அழுகை வந்துவிட்டது. சரக்கு ரயில் போய் முடிந்தது. அடுத்த ரயில் வரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.